கமுதிப் பக்கமிருந்து வந்த வளரி

1. புளி போட்டு விளக்கியவை

ராமநாதபுரத்தில் எங்கள் முகாம் நடந்த கல்யாண மண்டபத்துக்குள் முதல் நாள் காலையில் நுழைந்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் குத்துவிளக்கும் செம்பும் குடமும் பளபளவென்று மின்னின. அத்தனையையும் புளி போட்டு, சாம்பல் போட்டு, போதாதென்று கடையில் விற்கும் பவுடரும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு குத்துவிளக்கில் பாதத்தைச் சுற்றி ஏதோ எழுத்து இருந்திருக்கிறது. தேய்த்த தேய்ப்பில் ‘உபயம்’ என்பதில் ‘உ’ மட்டும் மிச்சம்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்காக, நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் ஏலக் கம்பெனியில் உலோகப் பொருட்களுக்கு மதிப்பீட்டாளராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மாவட்டத்துக்குப் போவோம். மண்டபம் பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டி, ‘உங்கள் வீட்டுப் பரம்பரைப் பொருளின் வயதையும் மதிப்பையும் இலவசமாக அறிந்துகொள்ளுங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்ல வைப்போம். உலோகத்துக்கு ஒரு டேபிள், மரமும் பீங்கானும் ஒரு டேபிள், நாணயமும் காகிதமும் ஒரு டேபிள். நல்ல பொருள் கண்ணில் பட்டால், விற்க மனமிருந்தால் ஏலத்துக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்போம். கம்பெனிக்கு லாபம் அதில்தான். மற்றதெல்லாம் சேவை என்று மேனேஜர் சொல்லுவார். நான் சிரித்துக்கொள்வேன்.

பழைய பித்தளை, வெண்கலத்தின் மேல் நாள்பட நாள்படக் கறுப்பும் பச்சையுமாக ஒரு தோல் ஏறும். எங்கள் தொழிலில் பட்டினா என்போம். பொருளின் வயதுக்கு அதுதான் சாட்சி. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால், பொருள் எவ்வளவு பழசானாலும் நான் துணிந்து சொல்ல முடியாது, வாங்குகிறவனும் நம்பமாட்டான். இதை அந்தக் குத்துவிளக்குக்காரம்மாவிடம் கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

“அழுக்குப் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு நாலு பேரு இருக்கிற எடத்துக்கு எப்படிம்மா வாரது?” என்றார் அவர். “எங்களப் பத்தி என்ன நெனைப்பீக?”

அன்று மாலையே ஆட்டோ விளம்பரத்தில், ‘பொருட்களை விளக்காமல் கொண்டுவரவும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மறுநாள் வந்தவர்கள் புளி போடவில்லை. சோப்புப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கரையில் எனக்குத் தலைவலி கொடுத்தது பித்தளை மட்டும் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து வந்தவர்களில் பலர் தண்ணீரில் மிதக்கும் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே வாளியும். மிதப்பதைக் காட்ட வேண்டுமாம். அது பவளப்பாறைத் துண்டு, காற்றறைகள் இருப்பதால் மிதக்கிறது, கும்பிடுகிற பொருளுக்கு விலை போட என்னால் ஆகாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. பக்கத்து டேபிள்காரருக்கு வாழ்வுதான். கீழக்கரையிலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்த பெரிய நீலப் பூப் பீங்கான் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். மகன் துபாயிலிருந்து போன் போட்டு, கிண்ணத்துக்கு என்ன விலை தேறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். “நோன்புக் கஞ்சி இதுலதான் ஊத்துவோம். வெல தெரிஞ்சிட்டா பொறவு இதத் தொடவே பயமாயிருக்கும், நீங்க சொல்லாதீங்க வாப்பா” என்று சொல்லி அந்த அம்மா கிண்ணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். முகாமுக்கு வந்து, டோக்கன் வாங்கி, வரிசையில் காத்திருந்து, விலை சொல்லாதீர்கள் என்று கேட்டவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

2. மைக்

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. டேபிளில் நாங்கள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மைக்கில் சொல்ல வைத்தது அவர்தான்.

“மேடம், ஜனங்க உக்காந்துட்டு இருக்கிறதே ரிசல்ட் கேக்கத்தான். கிரிக்கெட் மாதிரி. நீங்க காதுல ரகசியம் சொன்னா எவன் உக்காருவான்?”

“பரம்பரைத் தங்கம்னு நெனச்சு வந்தது முலாம்னு தெரிஞ்சா, அந்த ஆளு ஊரு முன்னாடி என்ன சார் பண்ணுவாரு?”

“அதுவும் ஒரு அனுபவம்தான மேடம்?”

யாருடைய அனுபவம் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் அவர் கையெழுத்தில் வந்தது. ஆனால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று கேட்பேன். பிறகு தொடலாமா என்று கேட்பேன். பூசையில் வைத்த பொருளைக் கேட்காமல் தூக்குகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். பிறகுதான் லென்ஸ், தராசு. எல்லாம் முடிந்த பின்னாலும், மோசமான செய்தியாக இருந்தால் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் சொல்வேன். பிறகு மைக்கில் எவ்வளவு சொல்லலாம் என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வேன்.

3. வளரி

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கமுதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே டோக்கன், ஒரே பொருள். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய அந்தப் பொருளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி முன்னால் வந்த பெண் முத்துராக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். மிளகாய்க் காட்டு வெயில் ஏறிய முகம், நெற்றியில் விபூதி மட்டும். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர். கையில் போன், அதில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. முத்துராக்குவின் கணவருக்குப் பெரியப்பா மகன், பெயர் வேலுச்சாமி என்று பின்னால் தெரிந்தது.

“இது உங்ககிட்ட எப்படி வந்துச்சும்மா?” என்று கேட்டேன்.

“வளரிங்க. அந்தக் காலத்துல வேட்டைக்கு எறியிற வளைஞ்ச இரும்பு. எங்க ஊர்ல மாசி பாரிவேட்டைக்கு சாமி குதிரையேறி வேட்டைக்குப் போகையில, முன்னால வளரி போகணும். வளரி இருக்கிற வீட்டு ஆளுதான் அத எடுத்துப் போகணும். எங்க வீட்ல தலமொற தலமொறயா இருக்கு. எங்க வீட்டுக்காரரு போன வருசம் தவறிட்டாரு. பிள்ளைக இல்ல. இப்ப இவுக, வளரியே பொய்யிங்கிறாக.”

“பொய்யின்னு நான் சொல்லல மேடம்” என்றார் வேலுச்சாமி. குரலில் மரியாதை வழிந்தது. “ராஜா காலத்துல குடுத்ததுங்கிறாங்க. அந்தக் காலத்துச் சாமானான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, கருவியெல்லாம் வச்சிருக்கீங்க. மைக்ல சொல்லிட்டீங்கன்னா நாங்க கேட்டுக்கிட்டுப் போயிருவோம். இல்லேன்னு ஆயிட்டா, மூத்த வீடு எங்களோடது, எங்க வீட்லயிருந்து புதுசா ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிருவோம். பூசை நிக்கக் கூடாதுல்ல?”

வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை உண்மையாக இருந்த இரும்பு, அவர் போன பிறகு பொய்யாகிவிட்டது. இத்தனை வருஷம் உலோகம் படித்த எனக்கு இந்த ரசாயனம் புதிதாக இருந்தது. விஷயம் வளரியைப் பற்றியதே இல்லை என்று அந்த வேனில் வந்த எல்லோருக்கும் தெரியும். முத்துராக்குவுக்கும் தெரியும். வளரி அந்த வீட்டில் இருக்கும்வரை அவர் சாமிக்கு முன்னால் போகிற வீட்டுக்காரி. அது போய்விட்டால், அதே கோயிலில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டிய, பிள்ளையில்லாத விதவை. அவ்வளவுதான் வித்தியாசம். அதை என் டேபிளில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

“தொடலாமா?” என்றேன்.

“இருங்க, நான் தொடச்சுத் தாரேன். பொறவு வாங்கிக்கங்க.”

துணியைப் பிரித்து, மேலே அப்பியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் முந்தானையால் பதமாகத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அந்த இரண்டு நாளில் புளியும் சோப்பும் படாமல் என் கைக்கு வந்த ஒரே பொருள் அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

லென்ஸை வைத்ததும் தெரிந்துவிட்டது. பழைய காலத்து இரும்பு உலைக்களத்தில் அடித்து அடித்து உருவானது. தடிமன் ஓரிடம் போல் ஓரிடம் இருக்காது, மரத்தின் ரேகை மாதிரி உள்ளே கோடு ஓடும். இதில் தலைப்பக்கம் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரே தடிமன், விளிம்பு ஆலையில் உருட்டிய உருட்டு. நடுவுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குப் பித்தளை அடைத்துத் தட்டியிருந்தது. லாரியின் அச்சுக்கு மேல் அடுக்கடுக்காக வைக்கும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் போல்ட் மாட்ட ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைதான் இது.

வேலுச்சாமியின் போன் என் முகத்துக்குக் கிட்டே வந்தது. மேனேஜர் மைக்கை நகர்த்தி என் வாய்க்கு நேராக வைத்தார். நான் அதை எடுத்து டேபிளின் மறுகோடியில் வைத்தேன்.

குலசாமி வீடுகளில் இப்படிப் புதிய பொருள் பழைய பொருளின் இடத்தில் இருப்பதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். திருட்டுப் போனதாக இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஒன்று நடந்திருக்கும். குனிந்து, முத்துராக்குவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்: “பழசு என்னாச்சும்மா? பின்னமாயிருச்சா?”

நான் குரலைத் தாழ்த்தியது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மண்டபத்துக்கே கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

“ஆமா. பழசு துருவேறித் தலப்பக்கம் ஒடிஞ்சிருச்சு. ஒடிஞ்சத வச்சுக் கும்பிடக் கூடாதுல்ல? எங்க மாமனாரு லாரிப் பட்டை வாங்கியாந்து, பட்டறையில கூடவே உக்காந்து, பழசப் பக்கத்துல வச்சுப் பாத்துப் பாத்து அடிக்கச் சொன்னாக. ரெண்டையும் சேத்து வச்சு ஒரு பாரிவேட்டைக்குப் பூசை போட்டாக. பொறவு பழச சேதுக்கரைக்குக் கொண்டுபோயிக் கடல்ல விட்டாக. நான் கல்யாணமாகி வந்த புதுசு. மாவிளக்குக்கு மாவு இடிச்சதே நான்தான். இது லாரிப் பட்டைதான் மேடம். யாரு இல்லேன்னா?”

பின்னமான சாமி பொருளை வீட்டில் வைக்கமாட்டார்கள், குப்பையிலும் போடமாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். கடல்தான் அதற்கு இடம். எங்கள் மாதிரித் தொழில்காரர்களுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. “ஒரிஜினல கடல்லயா போட்டாங்க?” என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பொய் சொல்வானேன், சேதுக்கரைக் கடலடியில் கிடக்கும் அந்த இரும்பை நினைத்து எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

வேலுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவங்களே ஒத்துக்கிட்டாங்கள்ல மேடம். லாரிப் பட்டை. அத மைக்ல ஒரு தடவ சொல்லிருங்க.”

“சொல்லட்டும்” என்றார் முத்துராக்கு. “எந்தக் காலத்துச் சாமான்னு அவுக கேட்டாக, அதுக்குப் பதில் சொல்லுங்க. நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்கும் சொல்லுங்க. இது வளரியா, இல்லையா?”

நான் லென்ஸைக் கீழே வைத்தேன். எவ்வளவு பழசு என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு போகும் என்று கேட்டிருக்கிறார்கள். அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளுமா என்று பயந்து பயந்து கேட்டிருக்கிறார்கள். கொண்டுவந்த பொருள் அந்தப் பொருள்தானா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எழுந்து நின்று வளரியைப் பிடிப் பக்கம் பிடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு விரலில் நிறுத்தி, எங்கே சமனாகிறது என்று பார்த்தேன். சுற்றுலாக் கடைகளில் விற்கிற வளரி தகட்டில் வெட்டியது. இரண்டு முனையும் ஒரே கனமாக இருக்கும், சுவரில் மாட்டலாம், வேறு ஒன்றுக்கும் ஆகாது. இது அப்படி இல்லை. பிடிப் பக்கம் இளைத்து, தலைப்பக்கம் கனத்து, வளைவு முறையாக இறங்கியிருந்தது. பழைய வளரிகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வேலை நிமித்தம் எனக்குக் கிடைத்திருக்கிறது. கையில் அதே கனம், அதே இழுப்பு.

மைக்கை நானே இழுத்து வைத்துக்கொண்டேன்.

“இது பழசு இல்ல” என்றேன். “ராஜா காலத்து இரும்பு இல்ல. லாரிப் பட்டையில அடிச்சது.” கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. “இது வளரி. அலங்காரத்துக்குச் செஞ்சது இல்ல. பழைய வளரி ஒண்ணப் பாத்து, எறிஞ்சா போற மாதிரி கணக்காச் செஞ்ச வளரி. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.”

வேலுச்சாமி போனை இறக்கவில்லை. “ரெண்டு சொல்றீங்களே. இதுல எது மேடம் முடிவு?”

“நீங்க கேட்டதுக்கு அது. அவங்க கேட்டதுக்கு இது.”

“அப்ப சாமிக்கு முன்னால போலாமா, கூடாதா?”

“அது என் டேபிள்ல வராதுங்க. உங்க ஊர்ல கேளுங்க.”

முகாமில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டுக் கொடுப்போம். மதிப்பு என்ற இடத்தில் என்ன போடுவது என்று மேனேஜரைப் பார்த்தேன். “பழைய இரும்பு என்ன ரேட்டோ அதப் போடுங்க மேடம்” என்றார், பாதி விளையாட்டாகவும் பாதி எரிச்சலாகவும். ‘விற்பனைக்கு உரியதல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்துராக்கு அதை வாங்கிப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வளரியைத் துணியில் சுற்றுவதில்தான் கவனமாக இருந்தார். என் போன் நம்பரைச் சீட்டின் ஓரத்தில் எழுதி, மாசி முடிந்ததும் என்ன ஆயிற்று என்று சொல்லச் சொன்னேன்.

4. மாசிக்குப் பிறகு

அதுவரை எங்கள் சீட்டில் முதல் வரி காலம், இரண்டாம் வரி பொருள், மூன்றாவது மதிப்பு. ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய பிறகு, நான் எழுதும் சீட்டில் பொருளை முதலில் எழுதினேன். அது என்ன, எதற்காகச் செய்தது, அந்த வேலைக்கு இன்னும் ஆகுமா என்று இரண்டு மூன்று வரி. காலம் அதற்குக் கீழே. “ஜாதகம் எழுதுறீங்களா மேடம்?” என்று மேனேஜர் கேலி செய்தார். செய்யட்டும். ஒரு பொருள் போலி என்று சொல்லுமுன், யாரை ஏமாற்றுவதற்காக அதைச் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏமாற்ற ஆள் இல்லை என்றால் அது போலி இல்லை. வேறு ஏதோ ஒன்று. இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் உங்களுக்குச் சொல்ல உருப்படியாக இருப்பது இதுதான். மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

மாசி முடிந்த வாரம் போன் வந்தது.

“மேடம், முத்துராக்கு பேசுறேன். கமுதிப் பக்கம். லாரிப் பட்டை” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பாரிவேட்டைக்கு முன்னால் கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். வேலுச்சாமி தன் போனில் இருந்த வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் முதலில் சொன்னது முடிந்ததும் நிறுத்தப் பார்த்தாராம். முழுசாகப் போடு என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய வளரியைச் சேதுக்கரையில் கடலில் விட்டபோது படகில் கூடப் போனது வேலுச்சாமியின் அப்பாதான் என்பதையும் ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். கடைசியில், வளரி வளரிதான், அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பு. ஆனால் சாமி குதிரைக்கு முன்னால் பெண்பிள்ளை நடக்கிற வழக்கம் இல்லையாம். முத்துராக்கு தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலுச்சாமி வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

“அப்படீன்னா அவர்தான நடந்தாரு? அவர் நெனச்சது நடந்துருச்சேம்மா” என்றேன்.

“கேளுங்க மேடம். குதிரை கோயில விட்டு வெளிய வந்திருச்சு. கொட்டுக்காரவுக, ஊருச்சனம் எல்லாம் எங்க வீட்டு வாசல்ல. இவரு குளிச்சு முழுகி, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் வளரியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். ‘என்ன வேணும் கொழுந்தனாரே’ன்னேன். ‘குடுங்க மதினி, நேரமாவுது’ங்கிறாரு. ‘எதக் குடுக்க?’ன்னேன்.”

“பெறகு?”

“கொட்டு நின்னுருச்சு மேடம். அவரு சுத்திமுத்திப் பாத்தாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. குதிரையும் நிக்கிது. ‘வளரிய’ன்னாரு, வாய்க்குள்ளயே. ‘கேக்கல’ன்னேன். பொறவு தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘வளரியக் குடுங்க மதினி’ன்னாரு. ஊரு பூராவுக்கும் கேட்டுச்சு. குடுத்தேன்.”